பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனி டியூஷன்: ஆள் தேடுவது முதல் தேர்வு நாள் வரை

போன வருடம் செப்டம்பர் கடைசியில் என் மகள் காலாண்டுத் தேர்வுக் கணக்குத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நூற்றுக்கு 41. ஒன்பதாம் வகுப்பு வரை அறுபதுக்குக் கீழே போகாதவள். ஜூனிலிருந்தே டியூஷனுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். 35 பிள்ளைகள் உட்காரும் பேட்ச், மாதம் 1,500 ரூபாய்.

அதற்கப்புறம் ஒரு நல்ல தனி டியூஷன் அமைவதற்குள் ஒன்றரை மாதமும் 18,000 ரூபாயும் வீணாகப் போயின. எங்கே போவது, யாரிடம் என்ன கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்று ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் திருச்சியில் இருக்கிறோம், மகள் மாநிலப் பாடத்திட்டம். உங்கள் ஊரில் கட்டணம் முன்னே பின்னே இருக்கலாம், வரிசை பெரிதாக மாறாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. முதலில் விடைத்தாள்களைக் கையில் எடுங்கள்

டியூஷன் டீச்சரைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நான் கடைசியில் செய்தேன், அதனால்தான் ஒன்றரை மாதம் போனது.

எடுத்து வைக்க வேண்டியவை: கடைசி இரண்டு மூன்று தேர்வுகளின் திருத்திய விடைத்தாள்கள், அவற்றின் கேள்வித்தாள்கள், போன வருட முழு ஆண்டு மதிப்பெண், பள்ளிக் கணக்கு நோட்டு. பல பள்ளிகளில் விடைத்தாளைப் பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பக் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். திரும்பக் கொடுத்தாயிற்று என்றால் வகுப்பாசிரியரிடம் போய்க் கேளுங்கள், பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள மறுக்க மாட்டார்கள்.

அப்புறம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன மார்க் ஒவ்வொன்றும் எதனால் போனது என்று பிரியுங்கள். பாடமே தெரியாமல் விட்டது, தெரிந்தும் வழியில் தவறியது, நேரம் போதாமல் விட்டது. மூன்றே வகை போதும். என் மகள் இழந்த 59 மார்க்கில் தெரியாதது 18, தவறியது 27, நேரம் போதாதது 14. நான் அதுவரை ‘இவளுக்குக் கணக்கே வரவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாள் வேறு கதை சொன்னது.

இந்தப் பிரிவுதான் உங்களுக்கு எந்த மாதிரி உதவி தேவை என்று சொல்லும். பெரும்பகுதி ‘தெரியாதது’ என்றால் பாடத்தை முதலிலிருந்து நடத்த ஆள் வேண்டும். ‘தவறியது’ என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை எழுதுவதைப் பார்க்கிற ஆள் வேண்டும், 35 பேர் பேட்சில் அது நடக்காது. ‘நேரம் போதாதது’ மட்டும்தான் என்றால் டியூஷனே வேண்டாம். கடிகாரம் வைத்து வீட்டில் எழுதிப் பழகினாலே போதும்.

2. எந்தப் பாடத்துக்கு என்று முடிவு செய்யுங்கள்

ஒன்று. மீறிப்போனால் இரண்டு. ஐந்து பாடத்துக்கும் தனி டியூஷன் வைத்தால் பிள்ளைக்குத் தானாக உட்கார்ந்து படிக்க நேரமே இருக்காது, உங்களுக்கும் கட்டாது.

கணக்கும் ஆங்கிலமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிப் போகிற பாடங்கள். ஏழாம் வகுப்பில் விட்ட ஓட்டை பத்தாம் வகுப்பில் ஒழுகும். தனியாக ஒருவர் பார்த்தால் அதிகப் பலன் கிடைப்பது இவற்றில்தான் என்பது என் அனுபவம். சமூக அறிவியலுக்கு வீட்டில் யாராவது கேள்வி கேட்டாலே போதும். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் இயற்பியலையும் வேதியியலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

3. காலண்டரைப் பாருங்கள்

ஜூனில் பள்ளி திறக்கும், செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரி பிப்ரவரியில் ரிவிஷன் தேர்வுகள், அதன் பிறகு பொதுத்தேர்வு. இதில் தனி டியூஷன் தொடங்க நல்ல நேரம் ஜூலை. முதல் மாதப் பாடம் நடந்திருக்கும், எங்கே திணறுகிறது என்று தெரிந்திருக்கும். காலாண்டுத் தாள் கைக்கு வந்ததும் தொடங்கினாலும் ஐந்து மாதம் கிடைக்கிறது, போதும். அரையாண்டுக்குப் பிறகு தொடங்கினால் பழைய ஓட்டையை அடைக்க நேரம் இருக்காது. அப்போது எல்லாவற்றையும் தொடாமல், மார்க் நிச்சயமாக வரக்கூடிய இரண்டு மூன்று பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிளஸ் ஒன் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். சில பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டிவிட்டு, அந்த வருடமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பிளஸ் ஒன்னிலேயே ஆள் வையுங்கள்.

ஆள் தேடவே மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்க ஒரு வாரம், மாதிரி வகுப்புகளுக்கு இரண்டு வாரம்.

4. பணக் கணக்கு

மாதக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். மாதம் எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பு எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள். மூன்றையும் கேட்டு வகுத்துப் பாருங்கள்.

நாங்கள் கடைசியில் கொடுத்தது 75 நிமிட வகுப்புக்கு 350 ரூபாய், வாரம் மூன்று வகுப்பு, மாதம் 12 வகுப்பு, 4,200 ரூபாய். பழைய பேட்சின் 1,500 ரூபாயோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் அந்த பேட்சில் என் மகளின் நோட்டை ஒருவர் நின்று பார்த்த நேரம் வாரத்துக்கு ஐந்து நிமிடம்கூட இருந்திருக்காது.

கட்டணத்தைக் குறைக்க நல்ல வழி, இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது. இரண்டு மாதம் கழித்து மகளின் தோழியும் வந்தாள், ஆளுக்கு 250 ரூபாய். சாருக்கு ஒரு வகுப்புக்கு 500 கிடைத்தது, எங்களுக்கு 100 மிச்சம். இருவர் என்றால் கவனம் சிதறுமே என்று பயந்தேன், சிதறவில்லை. அமெரிக்காவில் சிகாகோ அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு ஆசிரியருக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துப் பள்ளி நேரத்திலேயே தினமும் கணக்குச் சொல்லிக்கொடுத்து, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் பலனை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் நன்றாக ஏறியது, கணக்கில் தோற்பவர்களும் குறைந்தார்கள். இரண்டு பேருக்கு மேல் போனால் மூன்று, நான்கு வரை பரவாயில்லை. ஐந்தாறு பேர் ஆனால் அது பேட்ச்தான்.

இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். 90 வாங்குகிற பிள்ளையோடு 40 வாங்குகிற பிள்ளையை உட்கார வைத்தால் ஒன்று வாயைத் திறக்காது, இன்னொன்று கொட்டாவி விடும்.

என் 18,000 ரூபாய் போன கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். ‘ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கவனம்’ என்று பலகை வைத்திருந்த ஓர் இடத்தில், பொதுத்தேர்வு வரைக்குமான முழுத் தொகையை ஒரே தடவையாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டிவிட்டேன். போய்ப் பார்த்தால் ஒரு மேசைக்கு 12 பிள்ளைகள், வாரத்துக்கு ஓர் ஆசிரியர் மாறிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் நிறுத்தினோம். ரசீதின் பின்பக்கத்தில் ‘கட்டிய தொகை எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை.

ஆகவே: ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும் சரி. ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டு நெறிமுறைகளில், முழுத் தொகையும் கட்டிவிட்டுப் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் அவை 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களை நினைத்து எழுதப்பட்டவை, நடைமுறைப்படுத்த வேண்டியது மாநிலங்கள். அதை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னால் ஓடுவதைவிட, கட்டாமல் இருப்பது நல்லது.

ஆன்லைன் வகுப்பு விற்க வீட்டுக்கு வருபவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். பிள்ளையை உட்கார வைத்து ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள், மார்க் குறைவாக வரும், பிள்ளை முன்னாலேயே உங்களைப் பயமுறுத்துவார்கள். மாதத் தவணை என்று அவர்கள் சொல்வது பல நேரம் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எழுதும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. ஆதார், பான், போனுக்கு வரும் ஓடிபி எதையும் அந்த இடத்திலேயே கொடுக்க வேண்டாம். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று அனுப்பிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வரி. பயிற்சி மையங்களுக்கு 18 சதவீதம் உண்டு, சொன்ன தொகையில் அது அடக்கமா என்று கேளுங்கள். வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டப் போவதில்லை, அவர் ஜிஎஸ்டி வாங்க வேண்டியதில்லை.

5. ஆளைத் தேடுவது

முதலில் யாரைக் கேட்கக் கூடாது என்று சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளி ஆசிரியரைக் கேட்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள், வகுப்பில் பாடம் நடத்துகிறவரே மாலையில் காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்தால், வராத பிள்ளைகளின் நிலை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல ஆட்கள் கிடைக்கும் இடங்கள் என்று நான் கண்டவை: ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் (பொறுமை இருக்கும், புதிய புத்தகம் பழக்கமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்), எம்எஸ்சி அல்லது பிஎட் படித்துக்கொண்டிருப்பவர்கள், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள். கல்லூரித் துறை ஆசிரியர் யாரையாவது தெரிந்தால், ‘பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற மாணவர் யாராவது உண்டா’ என்று கேளுங்கள். தங்கப் பதக்கம் வாங்கியவர்தான் வேண்டும் என்றில்லை.

போனில் கேட்க வேண்டிய கேள்விகள்: மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புப் புத்தகம் கையில் இருக்கிறதா? தமிழ் வழியா, ஆங்கில வழியா, இரண்டும் சரளமா? ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள்? மார்ச் வரை ஊரில் இருப்பீர்களா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். வேலைக்குக் காத்திருக்கும் ஒருவர் ஜனவரியில் வேலை கிடைத்துப் போய்விட்டால் நடுவழியில் நிற்பது உங்கள் பிள்ளை. புத்தகத்தைப் பற்றிய பதிலைக் கூர்ந்து கேளுங்கள். கணக்கில் எட்டு இயல்கள் இருக்கின்றன, எதில் பிள்ளைகள் வழுக்குவார்கள் என்று கேட்டால் சொல்லிக்கொடுத்துப் பழகியவர் உடனே சொல்வார்.

6. மாதிரி வகுப்பு: பேனா யார் கையில் இருக்கிறது?

இரண்டு பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு மாதிரி வகுப்பு வையுங்கள். காசு கொடுத்தே வையுங்கள். இலவச வகுப்பு என்றால் அவர் தன் திறமையைக் காட்டுவார். காசு வாங்கிய வகுப்பு என்றால் வேலையைப் பார்ப்பார். அப்படித்தான் எங்களுக்கு அமைந்தது.

முதலில் வந்தவர் மிக அழகாகப் பேசினார். முக்கோணவியலை அவ்வளவு தெளிவாக நானே கேட்டதில்லை. என் மகளும் ‘புரியுது சார், புரியுது சார்’ என்று தலையாட்டினாள். அவர் போன பிறகு நோட்டைப் பார்த்தேன். முழுக்க அவர் கையெழுத்து. அவள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் பிஎட் படித்துக்கொண்டிருந்த இளைஞர். நாங்கள் படம் எடுத்து வைத்திருந்த காலாண்டுத் தாளைப் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு இயற்கணிதத்தில் அவள் தப்பாகப் போட்டிருந்த ஒரு கணக்கையே திரும்பப் போடச் சொன்னார். ‘எழுதும்போது மனசுக்குள்ள என்ன சொல்றியோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதும்மா’ என்றார். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 8 − (எக்ஸ் − 3) என்ற இடம் வந்தது. ‘எட்டு, கழித்தல் எக்ஸ், கழித்தல் மூணு’ என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். அவர் தப்பு என்று சொல்லவில்லை. ‘எக்ஸுக்கு 5 போட்டுப் பாரு’ என்றார். மேல் வரியில் போட்டாள், 6 வந்தது. கீழ் வரியில் போட்டாள், 0 வந்தது. பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்தாள். ‘உள்ள இருக்கிற கழித்தலும் மாறணுமா சார்?’ என்று அவளே கேட்டாள்.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் உள்ளே எல்லாமே மாற வேண்டும் என்பது கீழ் வகுப்பிலேயே வருகிற பாடம். அன்றைக்கு மட்டும் அந்த ஒரே தவறு காலாண்டுத் தாளில் நான்கு கணக்கில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். எத்தனையோ ஆசிரியர்கள் அந்த விடைகளைச் சிவப்பு மையில் அடித்திருக்கிறார்கள். அவள் மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டு எழுதுகிறாள் என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. 40 பேர் வகுப்பில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தனி டியூஷனுக்குக் காசு கொடுப்பது இந்த நேரத்துக்காகத்தான்.

ஆகவே மாதிரி வகுப்பில் பார்க்க வேண்டியவை: பேனா பெரும்பாலான நேரம் பிள்ளை கையில் இருக்கிறதா, பிள்ளை தப்பு செய்யும்போது உடனே குறுக்கிடாமல் காத்திருக்கிறாரா, ‘ஏன் இப்படிப் போட்டாய்’ என்று கேட்கிறாரா. வகுப்பு முடிந்ததும் பிள்ளையிடம் ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்லும். ‘அதே மாதிரி ஒன்று போட்டுக் காட்டு’ என்று கேளுங்கள்.

7. எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

வக்கீல் பத்திரம் தேவையில்லை. ஒரு தாளில், அல்லது இருவரும் பார்க்கிற ஒரு வாட்ஸ்அப் செய்தியில் இவை இருந்தால் போதும்:

கிழமையும் நேரமும். ஒரு வகுப்புக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுப்பது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் வகுப்பு நின்றால் காசு உண்டா. அவர் வர முடியாவிட்டால் ஈடு செய்வாரா. நிறுத்துவதென்றால் யாராக இருந்தாலும் இரண்டு வாரம் முன்னால் சொல்வது.

முதல் வகுப்புக்கு முன்னால் அவருடைய கல்லூரி அடையாள அட்டையையோ பட்டச் சான்றிதழையோ பார்த்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நல்லவர்கள் தாமாகவே காட்டுவார்கள். காசை யூபிஐயில் அனுப்புங்கள், பதிவு இருக்கும். அனுப்பும்போது எந்த மாதத்துக்கு என்று குறிப்பு போடுங்கள்.

வகுப்பு கூடத்தில் நடக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். வீட்டுப்பாடச் செய்திகள் உங்கள் போனுக்கு வரட்டும், பிள்ளையின் போனுக்கு வேண்டாம். இதை ஆசிரியர் மேல் சந்தேகமாகச் சொல்லாமல் எங்கள் வீட்டு வழக்கம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவரும் ‘எனக்கும் அதுதான் நல்லதுங்கம்மா’ என்றார். ஆன்லைன் வகுப்பாக இருந்தாலும் இதேதான். கேமரா பிள்ளையின் முகத்தைக் காட்டுவதைவிட நோட்டைக் காட்டுவது முக்கியம். ஒரு போனை ஸ்டாண்டில் வைத்து நோட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்கள்.

8. வாரம் மூன்று நாள், அதே ஆள், அதே நேரம்

வாரம் ஒரு நாள், மூன்று மணி நேரம் என்று வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார வைத்துவிட்டு அடுத்த ஞாயிறு வரை தொடாமல் விட்டால் பாதி மறந்திருக்கும். திங்கள், புதன், சனி என்று பிரித்தோம், மாலை 6.15 முதல் 7.30 வரை. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து 5.30க்கு வருவாள். குளித்து, ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் சும்மா இருக்க முக்கால் மணி நேரம். பசியோடு உட்கார வைத்த முதல் வாரம் சுத்தமாகப் பயனில்லாமல் போனது. தூக்கத்தைக் குறைத்து டியூஷன் வைக்காதீர்கள், காலை ஐந்து மணி வகுப்பு என்பதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள்.

பள்ளியில் அந்த வாரம் நடக்கும் பாடத்தை ஒட்டியே டியூஷனும் போக வேண்டும். பள்ளி ஒரு பக்கம், டியூஷன் ஒரு பக்கம் என்று இழுத்தால் பிள்ளைக்கு இரண்டு சுமை. பழைய ஓட்டையை அடைக்க ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 15 நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தவறு நோட்டு. எங்கள் வீட்டில் அதிகப் பலன் தந்தது அதுதான். 40 பக்க நோட்டு ஒன்று. தப்பாகப் போன கணக்கை அப்படியே எழுதி, எந்த வரியில் தடம் மாறியது என்று தன் சொற்களில் ஒரு வரி எழுத வேண்டும். ‘மூலம் கண்டுபிடித்தேன், கேட்டது கூடுதல்.’ ‘வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதவில்லை.’ ‘வர்க்கமூலத்தில் கழித்தலை விட்டேன்.’ இப்படி. சனிக்கிழமை வகுப்பில் அந்த நோட்டிலிருந்து மட்டும் ஐந்து கணக்கு. முதல் மாதத்தில் 16 பக்கம் நிரம்பியது, நான்காவது மாதத்தில் மூன்று பக்கம்.

9. ஆறு வாரம் கழித்துச் சரிபார்க்க

முதல் இரண்டு வாரத்தில் மார்க் ஏறாது. அதற்குள் ஆளை மாற்றாதீர்கள். ஆறு வாரம் கழித்து, பழைய கேள்வித்தாளையே எண்களை மட்டும் மாற்றி எழுத வையுங்கள். மறுபடி மூன்று வகையாகப் பிரியுங்கள். ‘தவறியது’ குறைந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். மொத்த மார்க் கொஞ்சம்தான் ஏறியிருந்தாலும் பரவாயில்லை.

மார்க்குக்கு முன்னால் வேறு அடையாளங்கள் தெரியும். தெரியாத கணக்கைப் பார்த்தவுடன் ‘வராது’ என்று மூடி வைக்காமல் ஒரு வரியாவது தொடங்கிப் பார்ப்பது. பள்ளியில் கை தூக்கிச் சந்தேகம் கேட்பது. என் மகளின் கணக்கு டீச்சர் நவம்பரில் என்னைப் பார்த்தபோது, ‘இப்போ கேள்வி கேட்கிறாள்’ என்றார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆறு வாரத்தில் ஒன்றுமே அசையவில்லை என்றால் மாற்றுங்கள். பிள்ளை முன்னால் ஆசிரியரைக் குறை சொல்லாமல், இரண்டு வாரம் முன்னால் சொல்லி, பாக்கியைக் கொடுத்து அனுப்புங்கள். எந்தெந்தப் பாடம் முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்து வருபவருக்கு உதவும்.

10. கட்ட முடியாவிட்டால்

மாதம் 4,000 ரூபாய் எல்லா வீட்டிலும் சாத்தியமில்லை. அதற்காகப் பிள்ளைக்கு இது கிடைக்காமல் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவில் போன வருடம் நல்ல மார்க் வாங்கிய பிளஸ் ஒன் பிள்ளை இருந்தால், வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், முடிந்ததைக் கொடுங்கள். பாடத்தை நடத்த வேண்டாம், உங்கள் பிள்ளை எழுதுவதைப் பார்த்து ‘இந்த வரி எப்படி வந்தது’ என்று கேட்டால் போதும். பாடத்துக்கு அரசின் மணற்கேணி செயலியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் மாநிலப் புத்தகத்தை ஒட்டிய காணொளிகள் இலவசமாக இருக்கின்றன. பாடநூல்களையும் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கணக்கே தெரியாத பெற்றோரும் ஒன்று செய்யலாம். பிள்ளையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். சொல்லும்போதே பாதித் தவறு அவர்களுக்கே தெரிந்துவிடும்.

11. கடைசி இரண்டு மாதம்

ஜனவரி பாதியோடு புதிய பாடம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு எழுத்துதான்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 14இல் 10, ஐந்து மார்க் 14இல் 10, எட்டு மார்க் இரண்டு. அந்த எட்டு மார்க் இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். 16 மார்க், பழகினால் முழுசாகக் கிடைக்கும். 27 மார்க் கைதவறுகிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். டிசம்பரிலிருந்தே சனிக்கிழமைதோறும் ஒரு வரைபடம், ஒரு வடிவியல் என்று போட வையுங்கள். காம்பஸ் லொடலொடவென்று ஆடினால் புதிதாக வாங்குங்கள், வட்டம் இரண்டு கோடாக வரும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிடும் மாதிரி வினாத்தாள் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் மூன்று நான்கு கைடுகள் வேண்டாம், பாடப்புத்தகப் பயிற்சிக் கணக்குகளை முழுக்க முடித்திருந்தால் ஒன்றே அதிகம். வாரம் ஒரு முழுத்தாள், 3 மணி நேரம், தேர்வில் வருகிற மாதிரி 10 நிமிட வாசிப்பு நேரத்தோடு. அந்தப் பத்து நிமிடத்தில் எந்த இரண்டு மார்க், எந்த ஐந்து மார்க்கை விடுவது என்று முடிவு செய்யப் பழக்குவது டியூஷன் ஆசிரியரின் வேலை. எங்கள் சார் அதற்கென்றே ஐந்து வகுப்பு ஒதுக்கினார். கேள்வித்தாளைக் கொடுத்து, பேனாவைத் தொடாமல் தேர்ந்தெடுக்க மட்டும் சொல்வார்.

கடைசி டியூஷன் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் முடியட்டும். முந்தின நாள் மாலை தவறு நோட்டை மட்டும் ஒருமுறை புரட்டச் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல், காம்பஸ் பெட்டி, அழிப்பான். இரவே பையில் வைத்து வாசல் பக்கம் வைத்துவிடுங்கள்.

எங்களுக்கு ஆன கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாதிரி வகுப்புகள் இரண்டு பேருக்குமாக 1,300 ரூபாய், தனியாக இரண்டு மாதம் 8,400, தோழியோடு மூன்று மாதம் 9,000. ஆக 18,700. அந்தப் பலகை வைத்த இடத்தில் மூன்று வாரத்துக்கு விட்ட தொகையைவிட 700 ரூபாய்தான் அதிகம். மகள் பொதுத்தேர்வில் கணக்கில் 83 வாங்கினாள். பிளஸ் ஒன்னில் கணக்கு வேண்டும் என்று அவளே கேட்டு எடுத்திருக்கிறாள், இதுவரை டியூஷன் கேட்கவில்லை. தவறு நோட்டு மட்டும் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறாள்.